ஏர் ஃப்ரையரில் டேனிஷ் மார்சிபன் பலகாரங்கள்: கிரான்ஸகேயில் தொடங்கலாம்

டென்மார்க்கில் டிசம்பர் 31 மாலை ஆறு மணிக்கு அரசரின் புத்தாண்டு உரை ஒளிபரப்பாகும். 2023இல் இந்த உரையில்தான் ராணி இரண்டாம் மார்கரேத்தா தாம் பதவி விலகப்போவதாகச் சொல்லி நாட்டையே திகைக்கவைத்தார். அப்புறம் விருந்து. நள்ளிரவில் கோபன்ஹேகன் நகர மன்றக் கோபுர மணி பன்னிரண்டு அடிக்கும் நேரத்தில் நாற்காலி, சோபா மேலெல்லாம் ஏறி நின்று புது வருடத்துக்குள் குதிப்பார்கள். குதித்து இறங்கியதும் ஒரு கையில் ஷாம்பெயின், இன்னொரு கையில் கிரான்ஸகேய்.

மார்சிபன் (பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த கெட்டி விழுது), சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. கிரான்ஸகேய் என்பது இவ்வளவுதான். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, ஈஸ்ட் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. கல்யாணத்துக்கும் பெரிய விசேஷங்களுக்கும் இதை வளையம் வளையமாகச் சுட்டு, பெரியது கீழே சிறியது மேலே என்று கோபுரமாக அடுக்குவார்கள். வழக்கமான அச்சுத் தொகுப்பில் ஆறு தட்டுகள், தட்டுக்கு மூன்று வளையம், ஆக மொத்தம் 18. அதே வளையங்களைச் சாய்த்து அடுக்கிக் கொம்பு போலச் செய்து, அதன் வாயிலிருந்து இனிப்புகள் கொட்டுவதுபோல வைப்பதும் உண்டு. ஆனால் புத்தாண்டு இரவில் பெரும்பாலும் கையில் இருப்பது விரல் நீளக் கட்டிதான். நாமும் அதைத்தான் முதலில் செய்யப்போகிறோம்.

கடைக் கண்ணாடியில் பார்க்கும் அடுக்கடுக்கான டேனிஷ் பேஸ்ட்ரியை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். அதிலும் மார்சிபன் உண்டு. வெண்ணெய், சர்க்கரையோடு பிசைந்து நடுவில் பூரணமாக வைப்பார்கள். ஆனால் அந்த மாவை வெண்ணெய் வைத்து மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் குளிரவைக்க வேண்டும். சுடும்போதோ, ஏர் ஃப்ரையரின் காற்று அதன் மேல் அடுக்குகளை உடனே காயவைத்துவிடும், உள்ளே மாவு வேகாது. பழகியவர்கள் முயன்று பார்க்கட்டும். முதல் முறை செய்கிறவருக்கு அது வேண்டாம். கிரான்ஸகேய் அப்படியில்லை. சிறியது, உப்பி எழ வேண்டியதில்லை, நல்ல சூட்டில் சீக்கிரம் சுட்டெடுக்க வேண்டியது. ஏர் ஃப்ரையருக்கு இதைவிடப் பொருத்தமான டேனிஷ் பலகாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் மார்சிபன்

எந்த மெஷின், எத்தனை வாட் என்பதையெல்லாம்விட முக்கியம் மார்சிபனில் எவ்வளவு பாதாம் இருக்கிறது என்பது. டென்மார்க்கில் இதற்கென்று எடுப்பது 60 சதவீதம் பாதாம் உள்ள, சுடாத மார்சிபன். ஓடென்ஸே நகரில் 1909இல் தொடங்கிய ஓடென்ஸே மார்சிபன் நிறுவனத்தின் பொட்டலம் அங்கே ஏறக்குறைய எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். மற்ற இடங்களில் கேக் அலங்காரத்துக்கென்று விற்கும் மார்சிபனில் பாதாம் கால் பங்குகூட இருக்காது, மீதி சர்க்கரை. அதில் கிரான்ஸகேய் செய்தால் சூடு பட்டதும் சர்க்கரை உருகி, கட்டி அப்பளமாகப் பரந்துவிடும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

குறைந்த பாதாம் மார்சிபன்தான் கிடைத்தது என்றால் வழி இருக்கிறது. 30 சதவீதம் பாதாம் உள்ளது 150 கிராம், அதோடு தோல் நீக்கிய பாதாம் பொடி 100 கிராம் சேர்த்துப் பிசைந்தால் பாதாமின் பங்கு 58 சதவீதத்துக்கு வந்துவிடும். அது போதும்.

வீட்டிலேயே செய்வதும் கஷ்டமில்லை. 250 கிராம் மார்சிபனுக்கு:

தோல் நீக்கிய பாதாம் – 150 கிராம் (தோலோடு என்றால் 160 எடுத்துக்கொள்ளுங்கள்)
ஐசிங் சுகர் – 85 கிராம்
முட்டை வெள்ளைக்கரு – 1 டேபிள்ஸ்பூன், சுமார் 15 கிராம்
பாதாம் எசென்ஸ் – இரண்டு மூன்று துளி, விரும்பினால்

கொதிக்கும் நீரில் பாதாமைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து வடித்து, குளிர்ந்த நீரில் அலசினால் விரலால் பிதுக்கியதும் தோல் கழன்றுவிடும். அதன் பிறகுதான் கவனம் தேவை. பாதாம் நன்றாகக் காய வேண்டும். துணியில் துடைத்து மின்விசிறியின் கீழ் சில மணி நேரம் பரப்பி வைக்கலாம். அவசரமென்றால் ஏர் ஃப்ரையரிலேயே 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். நிறம் மாறக் கூடாது, வறுபட்ட வாசனையும் வரக் கூடாது. முழுக்க ஆறவிட்டு, ஐசிங் சுகரில் பாதியைச் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறிப் பாதாமிலிருந்து எண்ணெய் பிரிந்துவிடும். எண்ணெய் பிரிந்த மார்சிபன் கையில் வழுக்கும், சுடும்போது வெடிப்பு விடும். நைஸாகப் பொடியானதும் மீதிச் சர்க்கரை, வெள்ளைக்கரு, எசென்ஸ் சேர்த்துக் கையால் இறுக்கமாகப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முந்திரியில் செய்யலாமா? மும்பை, கோவாப் பக்கம் ஈஸ்டர் மார்சிபனை முந்திரியில் செய்வதுண்டு, ருசியாகத்தான் இருக்கும். ஆனால் முந்திரி மென்மையானது, சீக்கிரம் சிவந்துவிடும், கிரான்ஸகேயின் மெல்லும் பதம் அதில் வராது. பாதாமே எடுங்கள்.

மாவு

மார்சிபன் – 250 கிராம்
சர்க்கரை – 100 கிராம் (மிக்ஸியில் ஒரு சுற்று விட்டது)
முட்டை வெள்ளைக்கரு – 1, சுமார் 30 கிராம்

இந்த வேலைக்குக் கப், ஸ்பூன் கணக்கு ஒத்துவராது. சமையலறைத் தராசு ஒன்று இருக்கட்டும். பத்து கிராம் வெள்ளைக்கரு கூடினால்கூட மாவு தளர்ந்துவிடும்.

தூத்துக்குடி மக்ரூன் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பழகியதாகத் தோன்றும்: பருப்பு, சர்க்கரை, வெள்ளைக்கரு. செய்முறைதான் நேர் எதிர். மக்ரூனுக்கு வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிக்க வேண்டும்; இங்கே அடிக்கவே கூடாது. நமக்கு வேண்டியது காற்றில்லாத, அடர்த்தியான, பல்லில் லேசாக ஒட்டுகிற பதம்.

ஒரு கிண்ணத்தில் சர்க்கரையையும் வெள்ளைக்கருவையும் கரண்டியால் கலக்குங்கள். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, வெதுவெதுப்பாகும் வரை கிளறுங்கள். விரலில் தேய்த்தால் சர்க்கரையின் நறநறப்பு பெருமளவு குறைந்திருக்க வேண்டும். கரு வெந்துவிடும் அளவுக்குச் சூடு வேண்டாம். ஆறியதும் மார்சிபனைக் கேரட் துருவுவதுபோலத் துருவிப் போட்டு, அந்தக் கலவையை மூன்று தவணையாகச் சேர்த்துப் பிசையுங்கள். வீட்டில் செய்த மார்சிபனில் ஏற்கெனவே வெள்ளைக்கரு இருப்பதால் கடைசித் தவணை முழுதாகத் தேவைப்படாமல் போகலாம். கையில் ஒட்ட வேண்டும், ஆனால் உருட்டினால் உருவம் நிற்க வேண்டும். அதுதான் அளவு.

முட்டை சேர்க்காதவர்கள் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துக்கொள்ளலாம். டென்மார்க்கிலேயே முட்டை தவிர்ப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். உப்புப் போடாமல் வேகவைத்த தண்ணீராக இருக்கட்டும்.

மாவை மூடி ஃப்ரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க வையுங்கள். இந்த நேரத்தில் மீதிச் சர்க்கரை கரையும், பாதாம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊறாத மாவு அடுப்பில் பரவும். பொறுமையில்லாதவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

உருவம் கொடுப்பது

மேடையை மாவு தூவி அல்ல, தண்ணீர் தெளித்துத் தயார் செய்யுங்கள். கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். இந்த 380 கிராம் மாவில் 40 கிராம் வீதம் ஒன்பது கட்டிகள் வரும். ஒவ்வொன்றையும் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டி, ஈரமான ஸ்கிரேப்பரோ கத்தியின் தட்டைப் பக்கமோ கொண்டு இரு பக்கமும் சரிவாக அழுத்துங்கள். அடி தட்டையாகவும் மேலே கூரை முகடு போலவும் வர வேண்டும், பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர். இந்த முக்கோணம் வெறும் அழகுக்கல்ல. மேலே உள்ள முகடு முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும், அகன்ற அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். உருண்டையாகச் சுட்டால் இந்த வித்தியாசம் கிடைக்காது.

ஏர் ஃப்ரையரில்

வழக்கமான ஓவனில் இதை 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுடுவார்கள். அடிப்பாகம் கருகாமலிருக்க இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் வழக்கம். ஏர் ஃப்ரையரில் நிலைமை தலைகீழ். சூட்டுக் கம்பியும் விசிறியும் மேலே, பலகாரத்துக்கு வெகு அருகில். அதனால் மேல்பக்கம் பாய்ந்து சிவக்கும், அடி வெளுப்பாகவே இருக்கும். சர்க்கரை நிறைந்த மாவு என்பதால் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் ஒரு நிமிடம்தான் இடைவெளி.

ஆகவே சூட்டைக் குறையுங்கள். 170 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். பட்டர் பேப்பரை இந்தக் கட்டத்தில் உள்ளே போடவே கூடாது. மேலே பாரம் இல்லாத தாள் காற்றில் எழும்பிக் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும். தாளைக் கூடையைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி, வெளியே வைத்தே கட்டிகளை அதன் மேல் அடுக்கி, தாளோடு தூக்கி உள்ளே வையுங்கள். கட்டிகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். நான்கைந்து லிட்டர் கூடையில் ஒரு தடவைக்கு நான்கைந்துதான் கொள்ளும். மீதியை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருங்கள்.

எட்டு நிமிடம் வையுங்கள், ஆறாவது நிமிடத்தில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மெஷினும் திரையில் காட்டும் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறு. உங்களுடையது எப்படி என்று தெரியும்வரை முதல் தடவை ஒரே ஒரு கட்டியை மட்டும் சுட்டுப் பார்ப்பது நல்லது. முகடு பொன்னிறம், பக்கங்கள் இளமஞ்சள், தொட்டால் வெளியே காய்ந்திருக்க வேண்டும், அழுத்தினால் உள்ளே அமுங்க வேண்டும். ‘இன்னும் வேகவில்லையோ’ என்று மனம் சொல்லும். அந்தச் சந்தேகம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆற ஆற இறுகும். கெட்டியாகும் வரை சுட்டால் ஆறிய பிறகு பல்லை உடைக்கும்.

சூடாக இருக்கும்போது கட்டியைக் கையால் எடுத்தால் வளைந்துவிடும். கூடையைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, தாளோடு வெளியே எடுங்கள். அடி வெளுப்பாக இருக்கிறதே என்று திருப்பிப் போட்டுச் சுடாதீர்கள், முகடு நசுங்கும். அந்த அடி சாக்லேட்டுக்குள் போகப்போவதுதானே.

சரி, சரியாக வராவிட்டால்? பரந்து போயிருந்தால் வெள்ளைக்கரு கூடிவிட்டது, அல்லது மார்சிபனில் பாதாம் குறைவு, அல்லது மாவு ஊறவில்லை. மீதி மாவில் இரண்டு ஸ்பூன் பாதாம் பொடி சேர்த்துப் பிசைந்து மறுபடி குளிரவையுங்கள். மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் அடுத்த தடவை 160 டிகிரிக்கு இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். பக்கங்களில் சிறு வெடிப்பு வருவது இயல்பு, ஐசிங் மறைத்துவிடும்.

ஐசிங், சாக்லேட்

மேலே மெல்லிய வெள்ளைக் கோட்டை வளைத்து வளைத்து இழுக்காத கிரான்ஸகேய் பார்க்கவே அரைகுறையாக இருக்கும். டென்மார்க்கில் இந்த ஐசிங்கைப் பச்சை வெள்ளைக்கருவில் செய்வது மரபு. பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக்கரு அங்கே அட்டைப்பெட்டியில் கிடைக்கிறது. அது கிடைக்காத இடத்தில் எலுமிச்சைச் சாறே பாதுகாப்பு. 100 கிராம் ஐசிங் சுகரைச் சலித்து, சாற்றை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகச் சேருங்கள். மூன்று டீஸ்பூன் அளவில் பதம் வரும். கரண்டியிலிருந்து விழும் நாடா கிண்ணத்தில் பத்து நொடி கலையாமல் நிற்க வேண்டும். பைப்பிங் பேக்கின் நுனியை ஊசி நுழையும் அளவுக்கு வெட்டி, கட்டியின் நீளத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வேகமாக வளைந்து வளைந்து கோடு போடுங்கள். மெதுவாகப் போனால்தான் கை நடுங்கும்.

கோடு காய்ந்ததும் இரண்டு முனைகளையும் அடியையும் உருக்கிய டார்க் சாக்லேட்டில் முக்கித் தாளில் வையுங்கள். குளிர்நாட்டுச் சமையலறையில் இது தானாக இறுகும். நம் ஊர் வெயிலில் இறுகாது: டார்க் சாக்லேட்டைப் பதப்படுத்தி வேலை செய்யும் சூடே 31, 32 டிகிரிதான், அறையே 33 டிகிரி என்றால் எங்கே இறுகுவது? ஏசி அறையில் செய்யுங்கள், அல்லது பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காம்பவுண்டு சாக்லேட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) என்றால் இந்தத் தொல்லை குறைவு, ருசியும் குறைவு.

சுட்ட கட்டிகளை மூடி போட்ட டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் இன்னும் நன்றாக மெல்ல வரும். ஐசிங் போடாமல் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் பதம் மேலும் கூடும் என்பது டேனிஷ் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே பலரும் டிசம்பர் நடுவிலேயே சுட்டு உறையவைத்துவிடுகிறார்கள்.

குட்டிக் கோபுரம்

18 வளையக் கோபுரம் ஏர் ஃப்ரையரில் நடக்காது. ஆறு வளையம் நடக்கும். அதே மாவை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் கயிறாக உருட்டி 10, 13, 16, 19, 22, 25 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். மூன்று மூன்றாகக் கூட்டினால் ஒவ்வொரு வளையமும் கீழுள்ளதைவிட ஒரு சென்டிமீட்டர் குறுகலாக வரும். பெரிய வளையத்தின் வெளி அகலமே பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். முனைகளை ஈர விரலால் ஒட்டி, சிறிய வளையங்களைத் தனியாகவும் பெரியவற்றைத் தனியாகவும் சுடுங்கள். ஒன்றாகச் சுட்டால் சிறியது கருகிவிடும். சிறியதற்கு ஐந்தாறு நிமிடம், பெரியதற்கு ஏழு. ஆறியதும் ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஐசிங்கை வளைத்து இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றுங்கள். ஐசிங்தான் பசை. டேனிஷ்காரர்கள் இதில் சிவப்பு வெள்ளைக் காகிதக் கொடிகளைச் செருகுவார்கள்.

மிஞ்சிய மஞ்சள் கருவுக்கு நெப்போலியன் தொப்பி

மஞ்சள் கருவை வீணாக்க வேண்டாம். டேனிஷ் பேக்கரிகளின் இன்னொரு பழைய பலகாரம் நெப்போலியன் தொப்பி: பிஸ்கட் மாவு வட்டம், நடுவில் மார்சிபன் உருண்டை, மூன்று பக்கம் தூக்கிக் கிள்ளிய விளிம்பு. உண்மையில் நெப்போலியன் போட்டது இருமுனைத் தொப்பி. பலகாரத்துக்கு மட்டும் மூன்று முனை. கோபன்ஹேகனை 1807இல் பிரிட்டிஷ் கடற்படை குண்டு வீசித் தாக்கிய பிறகு டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்தது, 1814 வரை அந்தக் கூட்டு நீடித்தது. தொப்பி விஷயத்தில் மட்டும் கூட்டாளியைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மாவுக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: ஐசிங் சுகர் 50 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100, மைதா 150, அதோடு அந்த மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, மற்றவற்றைச் சேர்த்துத் திரட்டுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் தேய்த்து, எட்டு சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டுங்கள். பன்னிரண்டு வரும். நடுவில் 15 கிராம் மார்சிபன் உருண்டை வைத்து, மூன்று பக்கமும் தூக்கி, மூலைகளை நன்றாகக் கிள்ளுங்கள். உருண்டையின் தலை வெளியே தெரிய வேண்டும்.

கிள்ளிய பிறகு இருபது நிமிடம் மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் சூட்டில் வெண்ணெய் இளகி மூலைகள் திறந்துகொள்ளும். 160 டிகிரி, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். காற்று முதலில் பிடிப்பது மூலைகளைத்தான், அவற்றின் நிறத்தைப் பார்த்தே நிறுத்துங்கள். ஆறியதும் அடிப்பாகத்தையும் மூலைகளையும் சாக்லேட்டில் முக்குங்கள்.

உருட்டுவதும் கிள்ளுவதும் ஒத்துவராது என்பவர்களுக்கு மசரீன் என்ற குட்டி மார்சிபன் கேக் இருக்கிறது. மார்சிபன், சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராம் குழைத்து, இரண்டு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 40 கிராம் மைதாவை மெதுவாகக் கலந்து, சிலிக்கான் கப்களில் முக்கால் அளவு ஊற்றி 155 டிகிரியில் பதினான்கு நிமிடம் வையுங்கள். குச்சி விட்டுப் பார்த்தால் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்ட வேண்டும். மேலே சாக்லேட்டை ஊற்றிக் குளிரவைத்துச் சாப்பிடலாம்.